குமரேசனுக்கு, பின்னக் கிளாஸ் பற்றி

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்கு அவள் ஆசைப்பட்ட கல்லூரியிலேயே இடம் கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே விசேஷமாக ஒன்றுமில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காலையில் பேப்பர் இப்போது முதலில் அவர் கைக்குத்தான் போகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிய பின்னக் கிளாஸை, அதாவது பின்னங்களுக்காக நீங்களே செய்த எண் வகையை, பைபைண்ட்11 (சி பிளஸ் பிளஸ் கோடைப் பைத்தானிலிருந்து கூப்பிட வைக்கும் லைப்ரரி) வைத்துப் பைத்தானுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள், சி பிளஸ் பிளஸ் பக்கம் டெஸ்ட் எல்லாம் பாஸ், பைத்தானிலும் அதையே திரும்ப எழுத வேண்டுமா என்கிறார் உங்கள் லீட். அதையே எழுத வேண்டாம். கணக்கு அங்கே சரியென்றால் இங்கேயும் சரிதான். ஆனால் கழித்தல் குறியைப் பார்த்ததும் யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்வது பைத்தான். அந்த முடிவு சி பிளஸ் பிளஸ் டெஸ்டின் கண்ணில் படவே படாது.

‘அ’ ஒரு பின்னம் என்று வை. அ - 2 என்றால் சிக்கலில்லை, இடது பக்கம் நம் ஆள். 2 - அ என்றால் பைத்தான் முதலில் 2-ஐக் கேட்கும். அதற்கு உங்கள் பின்னத்தைத் தெரியாது, ‘நாட்இம்ப்ளிமென்டட்’ என்று கைவிரிக்கும். அதன் பிறகுதான் பின்னத்தின் ‘ஆர்சப்’ மெத்தட், அதாவது வலது பக்கம் நிற்கும்போது கழித்தலைச் செய்வது, கூப்பிடப்படும். அங்கே முதலில் வருவது பின்னம், அடுத்ததுதான் 2. அதற்கு லாம்டா (பெயரில்லாத சின்ன ஃபங்ஷன்) எழுதியவர் வந்த வரிசையிலேயே கழித்துவிட்டால் விடை குறி மாறி வரும். கூட்டலிலும் பெருக்கலிலும் வரிசை மாறினாலும் விடை ஒன்றுதான் என்பதால், அவற்றை வைத்து எத்தனை டெஸ்ட் எழுதினாலும் இது மாட்டாது. கழித்தலையும் வகுத்தலையும் வைத்து எழுது. இன்னொன்று: டெஸ்டில் ஆர்சப்பைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதே. 2 - அ என்று குறி போட்டே எழுதினால்தான் இந்தச் சுற்று முழுவதும் ஓடிப்பார்க்கும்.

அந்தக் கைவிரிப்பு உங்கள் பக்கமும் ஒழுங்காக நடக்க வேண்டும். ‘செல்ஃப் - செல்ஃப்’ வடிவத்தில் ஆபரேட்டரை (கூட்டல், கழித்தல் போன்ற குறியை) கொடுத்தால் பைபைண்ட் அதைத் தானே பார்த்துக்கொள்ளும். லாம்டாவாக எழுதினால் ‘ஈஸ் ஆபரேட்டர்’ என்கிற குறிப்பை நாம்தான் சேர்க்க வேண்டும். விட்டால், தெரியாத வகை வந்த உடனே டைப்எரர். எதிர்ப்பக்கத்து ஆளுக்கு வாய்ப்பே கிடைக்காது. சமக் குறியில் இது இன்னும் மோசம். பின்னங்கள் உள்ள லிஸ்டில் ‘நன்’ (பைத்தானில் ‘ஒன்றுமில்லை’ என்கிற மதிப்பு) இருக்கிறதா என்று ‘இன்’ போட்டுத் தேடினால், ‘இல்லை’ என்று சொல்வதை விட்டு புரோகிராமே எரர் அடித்து நிற்கும். பின்னத்தை நன்னோடும் ஒரு ஸ்ட்ரிங்கோடும் ஒப்பிடுகிற டெஸ்ட் கட்டாயம் வேண்டும்.

சமக் குறியோடு ஒட்டிக்கொண்டு வருவது ஹாஷ், அதாவது டிக்‌ஷனரியும் செட்டும் ஒரு பொருளைத் தேடப் பயன்படுத்துகிற எண். சமம் எழுதி ஹாஷை விட்டால் பின்னத்தை டிக்‌ஷனரியில் கீயாக வைக்க முடியாது. அது உடனே தெரிந்துவிடும். தெரியாமல் கடிப்பது வேறு. 4/2-ம் 2-ம் சமம் என்று சொல்லிவிட்டால் இரண்டுக்கும் ஒரே ஹாஷ் வர வேண்டும். வராவிட்டால் ஒரே செட்டில் இரண்டும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். சி பிளஸ் பிளஸ்ஸில் ஹாஷ் வகைக்கு வகை தனி, இப்படி ஒரு கட்டாயமே கிடையாது. அதனால் அங்கிருப்பதை அப்படியே தூக்கி வைத்தால் சரிவராது.

+= பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதிகக் கவலை அதில்தான். பைத்தானில் ஆ = அ என்றால் நகல் இல்லை, ஒரே பொருளுக்கு இரண்டு பெயர். அப்புறம் அ += 1 போட்டால் ஆ மாறுமா? முழு எண்ணில் மாறாது. உங்கள் சி பிளஸ் பிளஸ் += இருந்த இடத்திலேயே மதிப்பை மாற்றுவதால் பின்னத்தில் மாறிவிடும். அது ஏற்கெனவே டிக்‌ஷனரிக்குள் கீயாக இருந்தால், பிறகு தேடினால் கிடைக்காது. என்னைக் கேட்டால் பின்னத்துக்கு += ஐ வெளியே காட்டவே கூடாது. காட்டாவிட்டால் பைத்தான் தானாகவே அ = அ + 1 என்று எடுத்துக்கொள்ளும். பெரிய மேட்ரிக்ஸ் என்றால் நகலெடுக்கிற செலவு இருக்கிறது, அங்கே வேறு நியாயம். எப்படி முடிவு செய்தாலும் ஆ-வின் மதிப்பைப் பார்க்கிற டெஸ்ட் ஒன்று இருக்கட்டும்.

சின்னச் சின்னதாக இன்னும் உண்டு. ஒரு மதிப்பை உண்மையா பொய்யா என்று சொல்கிற சி பிளஸ் பிளஸ்ஸின் ‘ஆபரேட்டர் பூல்’ தானாக இந்தப் பக்கம் வராது. கட்டித் தராவிட்டால் 0/5 கூட பைத்தானுக்கு உண்மைதான். -7-ஐ 2-ஆல் முழு எண்ணாக வகுத்தால் சி பிளஸ் பிளஸ் -3 என்னும், பைத்தானின் // குறி -4 என்னும். எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்து டெஸ்டில் எழுதி வை. நான் பைத்தான் பக்கமே போவேன், குறியைப் போடுகிறவர் அங்கே இருப்பதால்.

விடை சரிபார்க்க ஆள் தேட வேண்டாம். பைத்தானோடு வருகிற ‘ஃபிராக்‌ஷன்ஸ்’ மாட்யூலே போதும். ‘ஹைப்பாதிசிஸ்’ லைப்ரரி எண்களைத் தானே உருவாக்கித் தரும். இரண்டிலும் ஓட்டி ஒப்பிடு. ஒரு தடை முன்னால் வரும். பைத்தான் முழு எண்ணுக்கு எல்லை இல்லை, உங்கள் 64 பிட் தொகுதியும் பகுதியும் 9223372036854775807-ஐத் தாண்டாது. தாண்டும் இடத்தில் தப்பான விடையைத் தருவதைவிட ஓவர்ஃப்ளோ எரர் வரட்டும். அதற்கும் டெஸ்ட் எழுது.

பைண்டிங் ஃபைலை அனுப்பு, லாம்டாக்களை மட்டும் பார்த்துச் சொல்கிறேன். பாப்பாவுக்கு ஹாஸ்டலா, வீட்டிலிருந்தே போய்வருகிறாளா? அதையும் எழுது.

அன்புடன்,
சேகர்