ஞாயிறு கோலார் தங்கவயல் பயணம்: வருபவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, வணக்கம். பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் ரயிலில் போகிறோம். பங்காருப்பேட்டை தாண்டியதும் ஜன்னல் பக்கம் வந்துவிடுங்கள். சாம்பல் நிறக் குன்றுகள் தெரியும். மலையல்ல, தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண். சயனைடு கலந்தது, காற்றடித்தால் தூசி ஊருக்குள் பறக்கும். போட்டோவுக்காக மேலே ஏற வேண்டாம், குழந்தைகளையும் விடாதீர்கள்.

சுரங்கத்துக்குள் இறங்க முடியாது. 2001-இல் மூடியாயிற்று. ஜான் டெய்லர் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 1880-இல் தொடங்கிய வேலை. சாம்பியன் ரீஃப் என்ற சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். 1902-லேயே காவிரியில் உள்ள சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து இங்கே மின்சாரம் வந்துவிட்டது, பெங்களூருக்கு வருமுன்பே!

ஆனால் எனக்கு வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்களைவிட லைன் வீடுகள்தான் முக்கியம். வட ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்த தமிழ்ச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த சிறு வீடுகள். இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். வாசலில் நின்று எட்டிப் பார்க்காதீர்கள், கேட்டுவிட்டுப் பேசுங்கள். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அதைப் பற்றிப் பெரியவர்களிடம் விசாரிக்கலாம்.

மதியச் சாப்பாடு ராபர்ட்சன்பேட்டையில். தொப்பி, தண்ணீர் அவசியம். போன தடவை நான் செருப்போடு போய் முள் குத்தி நொண்டினேன், அதனால் ஷூ! வருகிறவர்கள் வியாழனுக்குள் இங்கேயே பெயர் போடுங்கள். சரி, பார்ப்போம்.