பாப்பாவுக்கு, குளத்தைப் பற்றி

பினாங்கு
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பா,

போனில் கேட்டால் "எல்லாம் ஓகேப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். சித்தி ஏதோ சொன்னாள், அதை விடு. அடுத்த நீச்சல் சோதனைக்கு ஆறு வாரம் இருக்கிறதாமே.

25 மீட்டரிலேயே மூச்சு முட்டுகிறதென்றால் பலம் போதவில்லை என்று நினைக்காதே. ஓட்டத்தில் உன்னை யார் பிடிப்பது? நீ தலையைத் தூக்குகிறாய். தலை ஏறினால் இடுப்பு இறங்கும், கால் தொங்கும், தண்ணீர் முழுக்க உன்னைத் தடுக்கும். முகம் தண்ணீருக்குள், பார்வை குளத்தின் அடியில். மூச்சுக்குத் தலையைத் தூக்காமல் உடம்போடு சேர்த்துப் பக்கவாட்டில் திருப்பு. ஒரு கண் தண்ணீரிலேயே இருக்கட்டும்.

முகம் உள்ளே இருக்கும்வரை மூக்கால் குமிழி விட்டுக்கொண்டே இரு. கரியமிலவாயு சேர்வதால்தான் அந்தத் தவிப்பு. பழைய காற்றை அடைத்துக்கொண்டு மேலே வந்தால் புதுக் காற்றுக்கு இடம் ஏது?

முதல் வாரம் தூரமே வேண்டாம். சுவரைப் பிடித்தபடி குமிழி 20 தடவை; பிறகு சுவரை உதைத்து, கையை நீட்டி, அசையாமல் சறுக்கு, 10 தடவை. இரண்டாம் வாரம் 25 மீட்டர் எட்டு தடவை, இடையில் 40 விநாடி ஓய்வு. எட்டாவதும் முதலாவது போலவே வந்தால் ஓய்வை 30, 20 என்று குறை. அப்புறம்தான் 50 மீட்டர். வாரத்துக்கு மூன்று நாள் போதும். கால் தொடையிலிருந்து அடிக்கட்டும், மெதுவாக. சைக்கிள் மிதிப்பதுபோல் அடித்தால் தொடைத் தசையே ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

கடைசி இரண்டு வாரம் 50 மீட்டர் குளத்தில் பழகு. 25-இல் திரும்பும்போது சுவரை உதைப்பாயே, அந்த நாலைந்து மீட்டர் இனாம். நீளக் குளத்தில் அது கிடைக்காது. கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் 1998 காமன்வெல்த் போட்டிக்குக் கட்டிய குளம் இருக்கிறது, திறக்கும் நேரம் கேட்டுக்கொண்டு போ. காலையிலேயே போ. மத்தியானத்துக்கு மேல் உங்கள் பக்கம் இடி. சத்தம் கேட்டதும் ஏறிவிடு, கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிடம் இறங்காதே.

தனியாகப் போகாதே. தண்ணீரில் இறங்கும் முன் வேகவேகமாக மூச்சு இழுத்து விடாதே. கரியமிலவாயு குறைந்துபோனால் மூச்சு வாங்கத் தோன்றாமலே மயக்கம் வரும், தண்ணீருக்குள்ளேயே. அடியில் தம் கட்டிப் பழகுவதும் வேண்டாம். தனியாக மட்டும் போகாதே.

முதல் சோதனையில் என்ன ஆனதென்று அண்ணனிடம் சொல்ல முடிந்தது, என்னிடம் முடியவில்லை. சரி. தலை தூக்கும் பழக்கம் எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் முதலில் குமிழி விடச் சொல்லிக்கொடுத்தவன், உன்னை மட்டும் 'என் மகள்தானே' என்று ஆழத்தில் கொண்டுபோய்க் கையை எடுத்துவிட்டேன். அன்று தூக்கிய தலை. அம்மா திட்டியது நியாயம். இத்தனை வருஷத்தில் நான் அதை உன்னிடம் ஒத்துக்கொண்டதே இல்லை.

பசியாறினாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். வருகிற சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் இடிஎஸ் ரயில் ஏறி வருகிறேன். வாய் திறக்க மாட்டேன், குளத்து ஓரமாக உட்கார்ந்திருப்பேன். வேண்டாம் என்றால் அதையாவது எழுது.

அப்பா

தனியாகப் போகாதே.