சதுர அடி கூடியது, வீடுகள் குறைந்தன

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையில் தளப் பரப்புக் குறியீட்டை (எஃப்எஸ்ஐ), அதாவது மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப் பரப்பு கட்டலாம் என்ற அளவை, மேலும் உயர்த்தினால் வீட்டுப் பற்றாக்குறை தீர்ந்து விலையும் இறங்கும் என்று தங்கள் தலையங்கம் கூறியிருந்தது. கூடுதலாகக் கட்ட அனுமதிப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், அது எத்தனை குடும்பங்களுக்கு வீடாகிறது என்று பாராமல் சதுர அடியை மட்டும் எண்ணுவது தவறான கணக்கு.

எங்கள் தெருவில் இரண்டு கிரவுண்டு (4,800 சதுர அடி) மனையில் ஒரு ஸ்டோர் வீடு இருந்தது. நடுவில் கிணறு, சுற்றிலும் பன்னிரண்டு போர்ஷன்கள். திருமணமான புதிதில் நானும் அங்கே நான்காண்டுகள் வாடகைக்கு இருந்தேன். சாதாரணக் கட்டடங்களுக்கான குறியீட்டை 2019ஆம் ஆண்டு விதிகள் 1.5இலிருந்து 2ஆக உயர்த்திய பின் அதை இடித்தார்கள். முன்பு 7,200 சதுர அடி கட்டக்கூடிய அந்த மனையில் 9,600 சதுர அடிக்கு அனுமதி கிடைத்தது. எழுந்தவையோ, தலா 1,200 சதுர அடியில் எட்டு ஃபிளாட்டுகள். ஜாயின்ட் வென்ச்சர் ஒப்பந்தப்படி மனைக்காரருக்கு நான்கு, பில்டருக்கு நான்கு. மனைக்காரரின் பங்கில் இரண்டு இன்றுவரை பூட்டியே கிடக்கின்றன. பன்னிரண்டு குடும்பங்கள் இருந்த இடத்தில் இப்போது ஆறு.

பில்டரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. குறியீடு உயர்ந்தால் மனைக்காரரும் தம் பங்கை உயர்த்திக் கேட்பார். ஆதாயத்தின் பெரும்பகுதி மனை விலையிலேயே போய்விடும். அந்த விலை கொடுக்க வசதியுள்ளவர் தேடுவது பெரிய வீட்டை. சிறு வீடுகளாகப் பிரித்தாலோ சமையலறை, குளியலறைச் செலவு ஏறும்; ஸ்டில்ட்டில், அதாவது தூண்கள் மட்டும் நிற்கும் தரைத்தளத்தில், கார் நிறுத்தவும் இடம் போதாது.

கட்டுமானத்திலுள்ள வீடுகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டிக்குப் பதிலாக 1 சதவீதம் என்ற சலுகை இருக்கிறது. ஆனால் சென்னையில் அதைப் பெற, வீடு 60 சதுர மீட்டர் கார்பெட் பரப்புக்கும் (வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பு) 45 லட்சம் ரூபாய்க்கும் மிகாதிருக்க வேண்டும். 2019இல் வகுத்த அந்த வரம்புக்குள் மேற்கு மாம்பலத்தில் புது ஃபிளாட் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

சாலையின் அகலத்தைப் பார்த்துக் கூடுதல் குறியீட்டைக் கட்டணத்துக்கு வழங்கும் அரசு, 60 சதுர மீட்டருக்கு உட்பட்ட வீடுகளைப் பாதியளவாவது கட்டுவோருக்கு அக்கட்டணத்தைக் குறைக்கலாம். அதற்கு முன்பாக, ஒவ்வொரு திட்ட அனுமதியிலும் இடிபடும் வீடுகள் எத்தனை, எழும் வீடுகள் எத்தனை என்ற இரண்டு எண்களையும் வெளியிடுமாறு தங்கள் இதழ் வலியுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை.