எண்ணூர்ச் சேற்றில் இறங்கி வந்த அண்ணனுக்கு

எண்ணூர் கழிமுகத்தில் அலையாத்தி (உப்புநீர்ச் சேற்றில் வளரும் மாங்குரோவ் மரம்) நடும்போது, படகை ஓரங்கட்டிவிட்டு வந்து உதவிய மீனவ அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சொல்லிக்கொடுத்ததையாவது எழுதி வைக்கிறோம்.

முதலில் இடத்தை மாற்றச் சொன்னார். பள்ளமான சேற்றில் வற்றத்திலும் (கடல்நீர் இறங்கும் நேரத்திலும்) தண்ணீர் நிற்கும். வேர் மூச்சுமுட்டி அழுகிவிடும். அதோடு, அது கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களின் இடம். அங்கே மரம் நட்டால் அவர்கள் வயிற்றில் அடித்த மாதிரி. ஏற்றத்தில் நனைந்து வற்றத்தில் வடிகிற கரையோரம்தான் சரி. தானாக முளைத்த வெண்கண்டல் (ஒரு வகை அலையாத்தி) நாலைந்து அங்கே நின்றால் அதுவே அளவுகோல்.

வெண்கண்டல் விதையைத் தண்ணீரில் ஊறப்போட்டால் மேல்தோல் தானே கழன்றுவிடும். உள்ளே பச்சையாக, கெட்டியாக இருப்பதை மட்டும் எடுத்து, பாதி வெளியே தெரியும்படி சேறு நிரப்பிய நாற்றுப் பையில் பதிக்க வேண்டும். முழுக்கப் புதைத்தால் அழுகும். காயவைத்துச் சேமிக்க முடியாத விதை இது, விழுந்ததும் எடுத்துவிட வேண்டும். இன்னொரு வகை அலையாத்தியான சுரபுன்னைக்குப் பை வேண்டாம். காயிலிருந்து நீளும் முருங்கைக்காய் போன்ற நாற்றை மூன்றில் ஒரு பங்கு சேற்றில் சொருகினால் போதும். காயோடு ஒட்டியிருந்த முனை மேலே இருக்கணும். அவசரத்தில் பலர் தலைகீழாகச் சொருகிவிடுகிறார்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் பரவிய எண்ணெய், சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் மூச்சுவேர்களில் அப்பிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். நட்டபின்பும் வந்து, தண்டில் சுற்றியிருந்த கேரிபேக்கையும் நைலான் வலைத்துண்டுகளையும் ஒவ்வொன்றாக அறுத்தெடுத்தார். அண்ணே, உங்கள் கத்தி எங்களிடம் பத்திரமாக இருக்கிறது.