மெழுகு காய்ச்சிய கதை

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மச்சான்,

ஆறு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீ திட்டுமுன் நானே என்னைத் திட்டிவிட்டேன், அது முடிந்தது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோவு கூடினதுதான். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லு. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அத்தானிடம் கொடுத்துவிட்ட ஹம்பக்கரை, கம்பி அதிர்வைப் பிடிக்கிற அந்த இரட்டைக் கொயில் பிக்கப்பை, கிற்றாரில் பூட்டிவிட்டேன். பூட்டிய நாளிலிருந்து மூன்று கிழமை உன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கொயில் பிடிக்கிற இரைச்சலை மற்றக் கொயில் வெட்டிவிடும், கிப்சனில் சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அதே முறை என்று ஃபோனில் பாடம் எடுத்தாய் அல்லவா? ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன், நெல்லு மில் மாதிரி இரைந்தது. பழைய பிக்கப்பே பரவாயில்லை என்று மகள் முகத்துக்கு நேரே சொன்னாள்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். 7.8 கிலோ ஓம். கொயில் ஒன்று ஷோர்ட் ஆகியிருந்தால் பாதிதான் காட்டியிருக்கும், ஆகவே உன் சரக்கில் பிழை இல்லை. ஆனால் கம்பியைத் தொட்டால் இரைச்சல் அடங்க வேண்டுமே, அது நடக்கவில்லை. தொட்டாலும் ஒன்றுதான், விட்டாலும் ஒன்றுதான். மூடியைக் கழற்றினால், கம்பி கட்டுகிற வால்கட்டையிலிருந்து வருகிற எர்த் வயர் வொலியூம் திருப்புகிற பொட்டின் முதுகை விட்டுக் கழன்று மூலையில் சுருண்டு கிடக்கிறது. பழையதைப் பிடுங்கும்போது நானே அறுத்திருக்கிறேன். திருப்பி ஒட்டினேன். ஈயம் உருண்டையாகக் குந்தியிருந்தது, விரலால் தட்டக் கழன்று விழுந்தது. என்னிடம் இருக்கிற 25 வாட் அயன் பொட்டின் தகரத்தைச் சூடாக்கவே காணாது. ரீவி திருத்துகிற அண்ணனிடம் 60 வாட் அயன் வாங்கி, அரத்தாளால் முதுகைச் சுரண்டிவிட்டு வைத்தேன். ஈயம் தண்ணீராக ஓடி ஒட்டியது. கம்பியைத் தொட்டேன், இரைச்சல் அடங்கிவிட்டது.

இதற்கிடையில் ஒருவர் சொன்ன வைத்தியத்தைக் கேள். ஆம்பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிடு, இரைச்சல் போய்விடும் என்றார். போகும்தான், சில வேளை ஆளும் சேர்ந்து போவான். கிற்றார் கம்பி எல்லாம் ஆம்பின் எர்த்தோடு கட்டியது. கை கம்பியில், வாய் மைக்கில், ஆம்புக்குள் எங்கேயோ 230 வோல்ட் கசிகிறது என்று நினைத்துப் பார். கோயில் திருவிழாவில் நம்முடைய இசைக்குழுவின் பேஸ் கிற்றார்காரன் உதடு சுட்டு மைக்கை எறிந்த இரவை நீ மறந்திருக்கமாட்டாய். அதற்கு நாங்கள் எத்தனை வருடம் சிரித்தோம்! இப்போது யோசித்தால் சிரிப்பு வரவில்லை.

மறுகா ("பிறகு" என்பதற்கு நாங்கள் சொல்லுகிற இந்தச் சொல்லுக்கு இன்னமும் சிரிக்கிறாயா?) அடுத்த பேய் வந்தது. வொலியூமை ஐந்துக்கு மேலே திருப்பினால் "கீ..." என்று ஒரு கூவல். கம்பி அதிர்ந்து வருகிற இனிய ஃபீட்பேக் என்றால் உள்ளங்கையால் கம்பியை அமுக்க நின்றுவிடும். இது நிற்கவில்லை. பென்சிலால் பிக்கப் மூடியைத் தட்டினேன், ஸ்பீக்கரில் "டொக்" என்று கதவு தட்டின மாதிரி. மகள் ஓடி வந்து பிக்கப்பில் வாயை வைத்து "அப்பா, சாப்பிட வாங்க" என்றாள். மச்சான், அது ஆம்பில் கேட்டது! கிற்றார் மைக்காகிவிட்டது. அவளும் அவள் தம்பியும் ஒரு மணித்தியாலம் கிற்றாருக்குள் பாட்டுப் பாடினார்கள்.

அப்போதுதான் நீ அனுப்பியது பழைய 1950கள் முறை என்பது உறைத்தது. அந்தக் காலத்துக் கிப்சன் ஹம்பக்கருக்கு மெழுகு ஊற்றுவதில்லை. கொயிலில் சுற்றிய முடி மாதிரி வயர் தளர்வாக இருந்தால் ஸ்பீக்கர் சத்தத்துக்கே ஆடும், மூடியும் ஆடும், ஆடினதெல்லாம் திரும்ப ஆம்புக்குப் போகும். சரி, நானே மெழுகு காய்ச்சுவது என்று முடிவெடுத்தேன். நாலு பங்கு மெழுகுதிரி, ஒரு பங்கு தேன்மெழுகு. தேன்மெழுகு வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து தேன் கொண்டுவருகிற ஐயா தந்தார், எதற்கென்று சொன்னதும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மெழுகை நேரே அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும், ஆகவே சட்டியில் தண்ணீர், அதற்குள் பால்மா டின். 65 பாகை தாண்டினால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும் என்று பயந்து நெருப்பை அணைத்து அணைத்து மூட்டினேன். பிக்கப்பை வயரில் கட்டி இறக்கினேன். பொடிப்பொடியாகக் குமிழி வரத் தொடங்கியது, கொயிலுக்குள் இருந்த காற்று. கால் மணித்தியாலம் குந்தியிருந்து கடைசிக் குமிழி வரும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சட்டி புட்டு அவிக்கிற சட்டி என்பது வீட்டுக்காரிக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பகுதியை எழுதவில்லை.

பூட்டினேன். ஏழில் வைத்தும் கூவவில்லை. பென்சிலால் தட்டினால் வெறும் மெல்லிய "தப்". வெற்றி என்று வீட்டையே கூப்பிட்டேன். மகள் வந்து நின்று, "அப்பா, நுளம்பு மாதிரி ஒரு சத்தம் கேட்குதே" என்றாள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன். அவளைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லிவிட்டு, கிற்றார்ச் சத்தத்தை மாற்றுகிற எஃபெக்ட் பெடலின் கரண்ட் அடப்ரரைப் பிடுங்கி 9 வோல்ட் பற்றரி போட்டேன். "இப்ப இல்லை." திரும்ப அடப்ரர். "இப்ப இருக்கு." நாலு தரம் மாற்றினேன், ஒரு தரமும் பிழைக்கவில்லை. மலிவு அடப்ரர்தான் குற்றவாளி, அதைத் தூக்கிப் போட்டாயிற்று. ஆனால் அந்தச் சத்தத்தை நான் கேட்கவே இல்லை, மச்சான்.

அன்று இரவு ஹெட்ஃபோன் போட்டு, ஃபோனில் ஒவ்வொரு சுருதியாகக் கூட்டிப் பார்த்தேன். வலது காது 8000 ஹேர்ட்ஸ் வரை போகிறது. இடது 4000 கிட்டவே மங்கிவிட்டது. ஃபோன் பரிசோதனை பெரிய பரிசோதனை இல்லை, ஆஸ்பத்திரியில் காட்டத்தான் வேண்டும். இன்னும் போகவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இருபது வருடமாக என் இடது பக்கத்தில் இருந்தது உன் டிரம்ஸின் சிம்பல். கோபித்துச் சொல்லவில்லை. கொஞ்சம் கோபித்தும்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பூரணை இரவில், மீன் பாடும் என்று சொல்லுகிற கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணியில், துடுப்பைத் தண்ணீரில் விட்டு மற்ற முனையில் காதை வைத்து நீ "மீன் பாடுது, மீன் பாடுது" என்று துள்ளினாயே. நானும் கேட்டதாகத் தலையாட்டினேன். எனக்கு அன்றைக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

உன் காது எப்படி? நீ அந்தச் சிம்பலுக்கு என்னை விடக் கிட்ட இருந்தவன். உன் சின்னவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஃபோனில் சோதித்துப் பார், எண்ணை எனக்கு எழுது. அடுத்த மாதம் பறங்கியர் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு வாசிக்கிறோம், வயலின்காரர் அவர்களுடைய கஃப்ரிஞ்ஞா ஆட்ட இசையை எடுத்தால் விடியும் வரை விடமாட்டார். நான் டிரம்ஸுக்கு மற்றப் பக்கம் நிற்கப்போகிறேன் என்று புதுப் பொடியனிடம் சொல்லிவிட்டேன். அத்தான் திரும்ப வரும்போது காதுக்குள் வைக்கிற அடைப்பான் இரண்டு சோடி கொடுத்துவிடு. பிக்கப் ஒன்றும் அனுப்பாதே.

உன்
மச்சான்