ஒன்றரை அடி ஆழம்

அன்பு மகள் ஜெசிக்கு,

இயேசுவுக்கே புகழ். இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் பனிமய மாதா கோவிலுக்கு நடந்துதான் போவேன் என்கிறாள். போனில் பேசினால் போதாதா, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் நடுவில் அம்மா வாங்கிக்கொள்வாள், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். போன வாரம் நீயும் அப்படித்தான் நிறுத்தினாய். "ஒண்ணுமில்லப்பா, லேப்ல ஒரு தேதிப் பிரச்சினை" என்றாய். முப்பத்தொரு வருஷம் குடிநீர்க் குழாய் போட்டு பில் எழுதியவனுக்குத் தேதிப் பிரச்சினை என்றால் என்னவென்று தெரியாதா?

சரி, அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் மாநாட்டுக் கதை.

பங்குப்பேரவையிலிருந்து இரண்டு பேரை அனுப்பச் சொல்லிச் சுற்றறிக்கை வந்ததாம். பங்குக் குருவான சாமி என்னைப் பார்த்து, "சார் ரிட்டயர்டுதானே, ரெண்டு நாள் போய்ட்டு வாங்க" என்றார். பொது வாழ்விலும் பல தொழில்களிலும் இருக்கிற கத்தோலிக்கப் பொதுநிலையினருக்கு, அதாவது குருக்களோ துறவிகளோ அல்லாதவர்களுக்கு, தலைமைப் பயிற்சி மாநாடு. வக்கீல்கள், டாக்டர்கள், தலைமை ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், கவுன்சிலர்கள், நாலைந்து வருவாய்த்துறைக்காரர்கள் என்று நூற்றைம்பது பேர் இருப்போம். பேரைப் பதிந்ததும் ஒரு துணிப்பை, ஒரு நோட்டு, எழுதாத ஒரு பேனா கொடுத்தார்கள்.

தொடக்க விழாவைக் கேள். மேடையில் ஏழு நாற்காலி, அதில் ஐந்தில் வெள்ளை அங்கி. பொதுநிலையினர் மாநாட்டில் பொதுநிலையினருக்கு இரண்டு நாற்காலி! சால்வை போர்த்தி முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. பக்கத்தில் இருந்த வங்கி மேலாளர், "நம்மள தலைவராக்க வந்தவங்களுக்கு நாம கை தட்டிக்கிட்டிருக்கோம்" என்று காதில் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆனால் முதல் பேச்சு நன்றாக இருந்தது. பேசியது ஒரு பெண் வக்கீல், ஐம்பது வயதிருக்கும். துண்டுச்சீட்டு இல்லை, சுற்றிவளைப்பு இல்லை. எடுத்ததுமே திருச்சபைச் சட்டம் 285-ஐச் சொன்னார். அரசு அதிகாரத்தில் பங்குள்ள பதவிகளைக் குருக்கள் ஏற்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. "அப்படின்னா அந்த நாற்காலி யாருக்கு? உங்களுக்குத்தான். சாமிமார் உட்கார முடியாத இடத்துல நீங்க உட்கார்ந்திருக்கீங்க. அங்கேயும் போய் சாமியைக் கேட்டுச் சொல்றேன்னு சொன்னா எப்படி?" என்றார். மேடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள், கொஞ்சம் தாமதமாக.

உலகம் முழுவதிலுமிருந்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18-ல் பொதுநிலையினருக்கென்றே ஒரு சங்க ஏடு வெளியிட்டது. அந்த வருஷம் எனக்கு வயது நாலு. நான் முதல் நற்கருணை வாங்கி, கல்யாணம் முடித்து, ரிட்டயரும் ஆகிவிட்டேன். இத்தனை வருஷத்தில் பிரசங்கத்தில் ஒரு தடவையாவது அதைப் பற்றிக் கேட்ட ஞாபகம் இல்லை. பொதுநிலையினர் என்றால் திருவிழாவுக்கு வரி கொடுப்பவர், சப்பரம் தூக்குபவர், அன்பியம் என்கிற அக்கம்பக்கத்து ஜெபக் கூட்டத்துக்குப் பாய் விரிப்பவர் என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். சங்கமோ, உலகத்துக்கு உள்ளேயே இருந்துகொண்டு புளிப்புமாவு போல வேலை செய்பவர்கள் என்று சொல்கிறது. இதை அம்மாவிடம் சொன்னேன். "புளிச்ச மாவு ஒரு நாள்தான் இட்லிக்கு ஆகும், அப்புறம் ஊத்தப்பம்தான்" என்றாள். ரிட்டயர் ஆனவனைக் குத்துகிறாள் என்று புரிந்தது.

மத்தியானம் தாமஸ் மோரைப் பற்றி ஒரு பேராசிரியர் பேசினார். அரசியல்வாதிகளுக்கும் அரசுப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் பாதுகாவலராக 2000-ல் போப் இரண்டாம் ஜான் பால் அறிவித்தாரே, அவர்தான். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மன்னரிடம் சான்சலராக, அதாவது வழக்கும் விசாரிக்கிற பெரிய மந்திரியாக, இருந்தவர். வழக்கில் ஜெயித்த ஒரு அம்மாள் புத்தாண்டுப் பரிசாக ஒரு ஜோடிக் கையுறை கொடுத்தாளாம். உள்ளே நாற்பது பவுண்டுக்குத் தங்கக் காசு. மோர் கையுறையை வைத்துக்கொண்டு காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கள் ஆபீசில் பலர் இதை அப்படியே தலைகீழாகச் செய்வார்கள்.

அவரையும் ஒரேயடியாகத் தூக்கி வைக்க வேண்டாம். அவர் சான்சலராக இருந்த காலத்தில் மதக் கொள்கைக்காக உயிரோடு எரிக்கப்பட்டவர்களும் உண்டு. பேராசிரியர் அதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது வேறொன்று. 1534-ல் தன் இரண்டாம் கல்யாணத்தின் வாரிசுகளை ஏற்கச் சொல்லி மன்னர் கேட்ட உறுதிமொழியை எடுக்க மறுத்ததால் மோரை லண்டன் கோபுரத்தில் அடைத்தார்கள். அவருடைய மூத்த மகள் மார்கரெட் அந்த உறுதிமொழியை எடுத்துவிட்டாள், "கடவுளின் சட்டத்துக்கு உட்பட்ட அளவில்" என்று ஒரு வாசகம் சேர்த்துக்கொண்டு. அப்பாவையும் எடுக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். அவர் கேட்கவில்லை. அவளிடம் கோபப்படவும் இல்லை. தீர்ப்பு முடிந்து திரும்பக் கூட்டிவரும்போது அவள் காவலர்களைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து கட்டிப்பிடித்து முத்தமிட்டாளாம். 1535 ஜூலை 6-ல் தலையை வெட்டினார்கள். முந்தின நாள் அவர் கரித்துண்டால் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினார். கடைசியாக நீ என்னை முத்தமிட்ட விதம் எனக்கு எப்போதையும்விடப் பிடித்திருந்தது என்கிற மாதிரி அதில் ஒரு வரி வருகிறது. அதைக் கேட்டபோது நான் நோட்டில் உன் பெயரை எழுதினேன். ஏன் என்று கேட்காதே.

அடுத்து தேவசகாயம். கதை உனக்குத் தெரிந்ததுதான்: நட்டாலத்தில் பிறந்தவர், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா அரசில் அதிகாரி, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே மாதம் புனிதரானார், இந்தியாவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பொதுநிலையினர். அவரை எப்போதும் விலங்கோடு முழங்கால் போட்ட நிலையிலேயே படம் வரைகிறார்கள். கணக்குப் புத்தகத்தோடு யாராவது வரையக் கூடாதா? அவரும் நம்மைப் போல அரசாங்கச் சம்பளக்காரர்தானே!

புனிதர் பட்டத்துக்கு முன்னாலேயே அவர் பெயரின் பின்னால் ஒட்டியிருந்த சாதிப் பெயரை வத்திக்கான் நீக்கிவிட்டது. அந்தப் பேச்சு வந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு இளம் ஆசிரியர் எழுந்தார். "அவர் பேர்ல இருந்து எடுத்துட்டீங்க. எங்க ஊர் கல்லறைக்கு இன்னும் சாதி பார்த்து ரெண்டு வாசல் இருக்கு. எஸ்.சி. பட்டியல் பத்தின 1950 ஆணையால தலித் கிறிஸ்தவங்களான எங்களுக்கு எஸ்.சி. சலுகை கிடையாது. சீக்கியருக்கு 1956-லயும் புத்த மதத்தாருக்கு 1990-லயும் கொடுத்தாங்க, கிறிஸ்தவங்களுக்கு இல்ல. அதுக்குப் போராடணும்னு மேடையில சொல்றோம். வாசலை மூட எந்த கவர்மென்ட் ஆணை வேணும்?" என்றார். ஹாலில் சத்தமே இல்லை. நடத்துநர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தேநீர் தயாராக இருக்கிறது என்றார். ஜெசி, அந்தத் தேநீர் எனக்கு இறங்கவில்லை. போய் அந்தப் பையனிடம் கை கொடுத்தேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

இன்னொரு குறை. மூன்று மணி நேரம் இங்கிலாந்து மந்திரியைப் பற்றிப் பேசினார்களே, நம்ம ஊர் குரூஸ் பர்னாந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நகராட்சித் தலைவராக இருந்து, குடிக்கத் தண்ணீரில்லாமல் கிடந்த தூத்துக்குடிக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த மனுஷன். குழாய்க்காரனான எனக்கு அவர் பாதிப் புனிதர். ஒரு பெண் கவுன்சிலர் மட்டும் லூர்தம்மாள் சைமனைச் சொன்னார். 1957-ல் குளச்சலில் ஜெயித்து காமராஜர் அமைச்சரவையில் உள்ளாட்சித் துறையைப் பார்த்தவர். பாதிப் பேர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை.

இரண்டாம் நாள் குழுக் கலந்துரையாடல். எட்டெட்டுப் பேராகப் பிரித்து ஒரு தாள் கொடுத்தார்கள்: உங்கள் பணியிடத்தில் உங்கள் விசுவாசத்துக்கு வந்த சோதனை என்ன? எங்கள் குழுவில் அந்த வங்கி மேலாளர், ஒரு நர்ஸ், ஒரு இளம் ஆடிட்டர், அந்தக் கவுன்சிலரம்மா எல்லாம் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தங்களுக்கு மற்றவர்கள் செய்த அநியாயத்தைச் சொன்னார்கள். புரமோஷன் தரவில்லை, ஞாயிற்றுக்கிழமை லீவு தரவில்லை, இப்படி. என் முறை வந்தது. நானும் அதே மாதிரி ஒன்றைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

நீ இரண்டாம் வகுப்பு படித்த வருஷம். நான் ஒரு சின்ன ஊரில் இருந்தேன். ஒரு தெருவுக்கு பி.வி.சி. குழாய் பதிக்கும் வேலை. பள்ளம் ஒரு மீட்டர் ஆழம், அடியில் மணல் மெத்தை என்று எஸ்டிமேட். பாதித் தூரம் பாறை. கான்ட்ராக்டர் ஒன்றரை அடியோடு நிறுத்திக் குழாயைப் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டார். நான் போனபோது ஒரு முனை மட்டும் மூடாமல் இருந்தது. டேப் வைத்துப் பார்த்தேன், நாற்பத்தாறு சென்டிமீட்டர். மார்ச் மாதக் கடைசி வாரம். 31-க்குள் பில் போகாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும், அந்தத் தெருவுக்குத் தண்ணீரே கிடையாது என்று மேலே இருந்தவர் சொன்னார். அது பொய்யும் இல்லை. அளவு பதிகிற எம்-புக்கில் ஆழம் 1.00 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு பைசா வாங்கவில்லை. அதைத்தான் இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மழைக்காலத்தில் லாரி ஏறிக் குழாய் உடைந்தது, சாக்கடை கலந்தது. தெருவில் பதினோரு பேருக்கு வயிற்றுப்போக்கு, அதில் நாலு குழந்தைகள். யாரும் சாகவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, நம்ம தெரு வேறு தண்ணீர் என்று தெரிந்தும், உனக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுக்கச் சொன்னேன். அம்மா ஏன் என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

குழுவில் சொல்லி முடித்ததும் யாரும் பேசவில்லை. நர்ஸ் குனிந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கவுன்சிலரம்மாதான் கேட்டார், "சார், அந்தக் குழாய் இப்பவும் ஒழுகுதா?"

எனக்குத் தெரியவில்லை. மன்னிப்பு கேட்டிருக்கிறேன், பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன், போய்ப் பார்த்ததில்லை. அந்தப் பெண்ணுக்கு என் பாவத்தில் அக்கறை இல்லை, குழாயில்தான் அக்கறை. இரண்டு நாள் மாநாட்டில் யாராவது தலைவர் மாதிரிப் பேசினார்கள் என்றால் அந்த ஒரு கேள்விதான்.

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். அம்மாவிடம் பென்ஷன் வேலை என்று சொன்னேன். தெருவுக்கு இப்போது சிமென்ட் ரோடு. பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதிது போட்டு நாலைந்து வருஷம் ஆகிறதாம். ஒழுகவில்லை. தெருமுனையில் வால்வு பார்க்கிற பையனிடம் ஆழம் எவ்வளவு என்று கேட்டேன். "ஒன்றரை அடி சார், கீழ பாறை" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். இந்தத் தடவை எம்-புக்கில் யார் என்ன எழுதினார்களோ.

இப்போது உன் தேதி விஷயம். சோதனை செய்யாத நாளில் செய்ததாக எழுதச் சொல்கிறார்கள், அப்படித்தானே? நான் ஊகிப்பது தப்பாக இருந்தால் சந்தோஷம். கையெழுத்துப் போடாதே என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. உன் வீட்டுக் கடன், ஹைதராபாத் வாடகை எல்லாம் எனக்குத் தெரியும். வேலை போனால் இங்கே உன் அறை அப்படியே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். ஏற்கெனவே போட்டுவிட்டாய் என்றாலும் சொல், நான் கோபப்பட மாட்டேன். எந்த மருந்து, எந்த பேட்ச், இப்போது எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் கேட்பேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்கு அம்மா போய்விடுவாள். நான் முதல் பூசை பார்த்துவிட்டு எட்டு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். அப்போது கூப்பிடு. மாடியில் நின்று பேசுகிறேன், அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது.

அன்புடன்,
அப்பா