எலிக்காய்ச்சல் குளிசை வட்டைக்கு வரட்டும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மாரி தொடங்கினதும் எலிக்காய்ச்சல் பத்தி உங்கட பேப்பர்ல ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வரும், எலியை ஒழியுங்க சுற்றாடலைச் சுத்தமா வச்சிருங்க எண்டு போட்டு முடிச்சிடுவீங்க. நான் வெல்லாவெளிப் பக்கம் உரக்கடை வச்சிருக்கிற ஆள், எலிப்பாஷாணம் விக்கிறதும் நான்தான், அதனால நான் இப்ப சொல்லப்போறது என்ட யாவாரத்துக்குக் கூடாது. எலிக்கு மருந்து வச்சா எலிக்காய்ச்சல் நிண்டுடும் எண்டு நினைச்சுத்தான் கனபேர் கடைக்கு வாறாங்க. நெல்லைக் காப்பாத்த அது சரி, உங்கட உசிரைக் காப்பாத்த அது மட்டும் போதாது.

ஏனெண்டா லெப்டோஸ்பைரா எண்ட அந்தக் கிருமி எலியிட கிட்னிக்குள்ளதான் குடியிருக்கு, எலிக்கு ஒரு வருத்தமும் வராது, அது பாட்டுக்கு வரம்புலயும் வாய்க்கால்லயும் மூத்திரம் பெய்ஞ்சு கொண்டு திரியும், அதுல கிருமி வந்து கொண்டே இருக்கும். எலி செத்தாலும் அது ஏற்கனவே பெய்ஞ்சது ஈரச் சேத்துக்குள்ள கிழமைக்கணக்குல உசிரோட கிடக்கும், நல்லா வெயில் பட்டுக் காஞ்சாத்தான் சாகும், மாரியில எங்க ஐயா வயல் வட்டை காயுறது. மாடு, எருமை, நாயிலயும் இந்தக் கிருமி இருக்கு, அதையெல்லாம் பாஷாணம் வச்சா கொல்ல ஏலும்? கனபேர் நினைக்கிற மாதிரி எலி கடிச்சு வாறதும் இல்ல இது, கால்ல கிடக்கிற சேத்துப்புண், வெட்டுக்காயம், தண்ணியில ஊறி வெடிச்ச தோல், கண், வாய் இதுகளாலதான் உள்ளுக்குப் போகுது. பூட்ஸ் போடுங்க எண்டு நோட்டீஸ்ல இருக்கு, உழுத சேத்துக்குள்ள பூட்ஸ் போட்டு நாலு அடி வைச்சவனுக்குத் தெரியும் அந்தக் கதை.

1915ல ஜப்பான்ல இனடா, இடோ எண்ட ரெண்டு டொக்டர்மார் இந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சதும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிட்டதான். ஈரத்துக்குள்ள நிண்டு கூலிக்கு வேலை செய்த சனம் அவங்க, நூறு வருசம் தாண்டியும் இது அந்த மாதிரிச் சனத்துக்குத்தான் கூட வருது.

இப்ப நான் எழுத வந்த விசயம். பெரும்போக ஆரம்பக் கூட்டத்துல தண்ணி திறக்கிற திகதி, விதைப்புத் திகதி, மாடு வெளியேத்துற திகதி, உர மானியம் எல்லாம் மணிக்கணக்கா கதைப்பாங்க, எலிக்காய்ச்சல் வராமத் தடுக்கிற குளிசைக் கதை வந்தா ஒரு வரிதான். எங்கட பக்கம் டொக்சிசைக்கிளின் எண்ட அந்தக் குளிசையைக் குடுக்கிறதும் கமக்கார அமைப்புல பேர் உள்ள ஆக்களுக்கு, அதாவது வயல் சொந்தக்காரருக்கு. வயல்காரர்ல பாதிப்பேர் வரம்புல குடை பிடிச்சு நிக்கிறவங்க. உள்ளுக்கு இறங்கி வரம்பு கட்டுறவன், வாய்க்கால் வெட்டுறவன், களை பிடுங்குற பொம்பளைகள், பட்டி பாக்குற பொடியன் இவங்கட பேர் எந்த லிஸ்ட்லயும் இல்ல, இண்டைக்கு ஒரு வயல் கண்டம் நாளைக்கு வேற கண்டம் எண்டு கூலிக்குப் போற சனத்தை ஆர் எழுதுறது? வேலை செய்யிறது அம்பாறைப் பக்கம், காய்ச்சல் வந்து படுக்கிறது மட்டக்களப்புல, பிஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து வீட்டு வளவைப் பாத்திட்டுப் போறார்.

குளிசையும் ஒருக்காக் குடுத்துட்டு விடுற சாமான் இல்ல. பெரிய ஆளுக்குக் கிழமைக்கு ஒருக்கா 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் குளிசை ரெண்டு, சேத்துல இறங்குற காலம் முழுக்க எடுக்கணும், சாப்பிட்டுட்டு நிறையத் தண்ணியோட குடிக்கணும், குடிச்ச உடனே படுக்கப்படாது, இல்லாட்டி நெஞ்செரிவு வரும், அந்த எரிவுக்குப் பயந்தே பாதிப்பேர் மிச்சத்தை எறிஞ்சிடுறாங்க. கர்ப்பிணியும் சின்னப்பிள்ளையும் டொக்டரைக் கேக்காம தொடவே கூடாது. கிழமைக்குக் கிழமை இதை ஆர் கொண்டு போறது எண்டா, வட்டவிதானை இருக்கிறார்தானே, தண்ணி பாய்ச்சிறதுக்கு எல்லாக் கண்டத்துக்கும் போற மனுசன், எந்த வயல்ல எத்தின பேர் நிக்கிறாங்க எண்டு அவருக்குத்தான் தெரியும். பிஎச்ஐ மார் அவருக்கு ஒரு விளக்கம் குடுத்து ஆரார் எடுக்கப்படாது எண்டும் சொல்லி விட்டா, வயல் யாருட எண்டு பாக்காம ஆரு சேத்துக்குள்ள நிக்கிறாங்க எண்டு பாத்துக் குடுக்கலாம்.

2008ல நம்மட நாட்டுல 7,000 பேருக்கு மேல இந்தக் காய்ச்சல் வந்து 200 பேர் அளவில செத்தது, 2024 டிசம்பர்ல வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்துல என்ன காய்ச்சல் எண்டே தெரியாம ஆக்கள் செத்து அப்புறம்தான் எலிக்காய்ச்சல் எண்டு பிடிச்சாங்க. நம்மட ஆக்களும் காய்ச்சல் வந்தா ரெண்டு பனடோல், டெங்கு டெஸ்ட் எடுத்து இல்ல எண்டா சந்தோசமா திரும்பி வட்டைக்கு, உடம்பு நோவுக்கு டைக்குளோபெனிக் வேற போடுறாங்க, அது கிட்னிக்கு இன்னும் கேடு. கண் சிவந்து, கெண்டைக்கால் தொட ஏலாம நொந்தா ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் வார்த்தையா நான் வயல்ல நிண்டன் எண்டு சொல்லுங்க, முதல் நாட்கள்ல ரத்த டெஸ்ட்லயே பிடிபடாமப் போகலாம், அந்த ஒரு வார்த்தையை வச்சுத்தான் டொக்டர் யோசிப்பார். சலம் குறைஞ்சு கண் மஞ்சளாகிற வரைக்கும் இருந்துட்டு, செங்கண்மாரி எண்டு மருந்து கட்டப் போறவங்களும் இருக்காங்க, அதுக்குள்ள கிட்னி போயிடும்.

உங்களிட்டக் கேக்கிறது இதுதான். இந்தச் செய்தியை ஆக்கள் செத்தாப்பிறகு டிசம்பர்ல போடாம, விதைப்புக்கு முந்தி செப்டம்பர்ல, ஆரம்பக் கூட்டத் திகதியள் போடுற அதே பக்கத்துல போடுங்க, பக்கத்துல எலிப்பொறிப் படம் வேணாம், சேத்துக்குள்ள நிக்கிற ஒரு ஆளைப் போடுங்க.

இப்படிக்கு,
உரக்கடை வாசகன்,
வெல்லாவெளி.